மனைவியும் ஒரு மகனும்

அச்சுக்காரர் மாமா காலமானார் என்ற செய்தி என் கைப்பேசிக்கு வந்தபோது, அவர் எனக்கு மூன்றடி தள்ளி நின்று மெஷின் ரோலரைப் பழந்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குச் செவ்வாய் விடுமுறை. நான்கு நாளாக விடாத மழை. தாள்கள் ஈரம் குடித்து ஓரம் சுருண்டு கிடந்தன. மாமாவின் இளைய மகன் அவற்றைக் கட்டுக் கட்டாகப் பிரித்து மின்விசிறிக்குக் கீழே உலரவைத்துக்கொண்டிருந்தான். வீட்டில் அவன் சின்னவன். தெருவிலும் அதே பெயர்தான்.

செய்தியைத் தொட்டேன். மாமாவின் படம் விரிந்தது. வெள்ளைச் சட்டை, ஈரத்தோடு வாரிய தலை. அதன் கீழே, "இன்று காலை காலமானார். அவருக்கு மனைவியும் ஒரு மகனும் உள்ளனர்" என்று இருந்தது.

"மாமா" என்றேன்.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

அதற்குள் சின்னவனின் கைப்பேசியும் ஒலித்தது. எடுத்துப் பார்த்தவன் சிரித்துவிட்டான். "அப்பா, நீ போயிட்டியாம்" என்றான். சொல்லி முடிக்கவில்லை, யாரோ அவனை அழைத்தார்கள். எடுத்து, "இல்ல சித்தப்பா, இல்ல, இங்கதான் நிக்கிறாரு" என்றான். வைத்ததும் அடுத்த அழைப்பு. மூன்றாவது அழைப்பில் அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

மாமா என் கைப்பேசியை வாங்கி, கையை நீட்டித் தள்ளிப் பிடித்து, மூன்று தடவை படித்தார். எதையும் மூன்று தடவை படிப்பது அவர் வழக்கம். "போட்டோ கொஞ்சம் கறுப்பா விழுந்திருக்கு" என்றார் முதலில். பிறகு தாள் கட்டின் மேல் உட்கார்ந்தார். மை படிந்த துணி கையிலேயே இருந்தது.

நான் செய்ததுதான் அது. எப்படிச் செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

நான் மாலை வகுப்பில் வெப்சைட் வடிவமைக்கப் படிக்கிறேன். செவ்வாய், வியாழன், சனி, ஆறு மணிக்கு வகுப்பு. முதல் வாரமே எங்களுக்குச் சொல்லிவிட்டார்கள்: நிஜமான ஒரு தொழிலைப் பிடியுங்கள். யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு நோட்டின் இடது பக்கம் எழுதுங்கள். அதைச் செய்ய என்னென்ன தேவை என்று வலது பக்கம் எழுதுங்கள். அதுவரை கணினியைத் தொடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரே தொழில், எங்கள் வீட்டிலிருந்து மூன்றாம் வீடான இந்த அச்சகம். முன்னறையில் மெஷின், பின்னால் வீடு. தெருமுனையில் பெரிய மருத்துவமனை இருப்பதால் இங்கே அச்சாவதில் முக்கால்வாசி மரண அறிவிப்புகள்.

இரண்டு மாதம் நோட்டோடு போய் உட்கார்ந்தேன்.

"வெப்சைட்டுன்னா என்னம்மா, நம்ம நோட்டீஸை அதுல ஒட்டுறதா?" என்றார் மாமா.

"ஒட்டுறது இல்ல மாமா. நீங்க விவரத்தைக் குடுத்தா அதுவே பக்கத்தை உண்டாக்கும். விவரம் மாறினா பக்கமும் மாறும்."

"தானாவா?"

"தானா."

"தானா மாறுற எதையும் நான் நம்புறதில்ல. இவன் ஒருத்தனைத் தவிர. இவன் தானா மாறுவான்னு இருபத்தஞ்சு வருஷமா நம்பிக்கிட்டிருக்கேன்."

"பாத்தீங்களா இன்ஜினியரம்மா?" என்றான் சின்னவன். "எதைப் பேசினாலும் கடைசியில என் தலையிலதான் வந்து விடியுது."

அவர்கள் கேட்டதையெல்லாம் எழுதினேன். தெருவில் யார் இறந்தாலும் சொல்லிவிடுங்கள் என்று எண் கொடுத்துவிட்டுப் போனவர்கள் மாமாவின் நோட்டில் முந்நூறுக்கு மேல் இருந்தார்கள். அவர்களுக்கு அறிவிப்பு கைப்பேசியில் போக வேண்டும். நெருங்கிய சொந்தங்களுக்கு நேரில் சொன்ன பிறகே ஊருக்குத் தெரிய வேண்டும் என்று குடும்பங்கள் விரும்பும், அதனால் வெளியாகும் நேரத்தை முன்கூட்டியே குறிக்க வழி வேண்டும். இரங்கல் எழுத ஒரு பெட்டி வேண்டும் என்று கேட்டது சின்னவன்.

"திருத்துறதுக்கு, அழிக்கிறதுக்கு ஏதாவது வேணுமா மாமா?"

"செத்தவனை என்னம்மா திருத்துறது? மூணு தடவை படிச்சுட்டுத்தான் போடுவேன். போட்டா போட்டதுதான்."

இடது பக்கம் "திருத்தம் வேண்டாம்" என்று எழுதினேன். வலது பக்கம் காலியாக விட்டேன். ஒரு வேலை குறைந்தது என்று மனதுக்குள் சந்தோஷப்பட்டேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அத்தை அடுப்படியிலேயே இருப்பார். எதுவும் கேட்கமாட்டார். ஒருநாள் டம்ளரை என் பக்கத்தில் வைக்கும்போது ஒரு சின்னத் துண்டுத்தாளையும் வைத்தார். அதில் ஒரு எண் மட்டும் இருந்தது.

"இதையும் அந்த முந்நூறோட சேத்துக்கோம்மா. பேரு போட வேண்டாம்."

"யாரு அத்தை?"

"நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவனுக்கு யாரு சொல்லுவா?" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அவர்களுக்கு மூத்த பிள்ளை ஒருவர் உண்டு என்று தெருவில் கேள்விப்பட்டிருந்தேன். பள்ளிக்கூட வயதிலிருந்து அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்துப் பிழை திருத்தியவர். ஒன்பது வருடத்துக்கு முன் ஓர் அறிவிப்பில் இறந்தவரின் படத்துக்குப் பதில் உயிரோடிருந்த அவருடைய தம்பியின் படம் போய்விட்டது. நானூறு தாள் சுவரெல்லாம் ஒட்டியாகிவிட்டது. அந்தக் குடும்பம் வாசலில் வந்து நின்று கத்தியபோது, மாமா எல்லார் முன்னாலும் மகனைக் கன்னத்தில் அறைந்தார். அன்று போனவர்தான்.

மாதிரிக்கு யாருடைய அறிவிப்பைப் போடுவது என்று கேட்டபோது மாமாவே தன் படத்தை எடுத்துக் கொடுத்தார். கடையில் வாடிக்கையாளர்கள் புரட்டிப் பார்க்கும் மாதிரி அறிவிப்பு ஆல்பத்திலும் முதல் பக்கத்தில் அவர்தான் இறந்திருப்பார். "அடுத்தவன் பேரைப் போட்டா அடிக்க வருவான். என் பேரைப் போட்டா என்னை நானேவா அடிச்சுக்கப்போறேன்?" என்பார். அப்படித்தான் அவர் விவரங்களை ஒவ்வொரு கட்டமாக நிரப்பினேன். "மகன்கள்" என்ற கட்டம் வந்தது.

"எத்தனைன்னு போட மாமா?"

அவர் தாள் எண்ணிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "ஒண்ணுன்னு போடு."

அத்தை கதவோரம் நின்றிருந்தார். அவர் உள்ளே போனதைப் பார்த்தேன். அதை நோட்டில் எழுதவில்லை. இடது பக்கமா வலது பக்கமா என்று தெரியவில்லை.

நேரம் குறிக்கும் வசதி வேலை செய்கிறதா என்று பார்க்க, ஒரு மாதம் தள்ளி ஒரு செவ்வாய்க்கிழமை பத்து மணி என்று அந்த மாதிரிக்குக் குறித்தேன். கடந்த சனிக்கிழமை மாமாவின் நோட்டிலிருந்த எண்களையெல்லாம் ஏற்றினேன். மாதிரி உள்ளே காத்திருப்பதை மறந்துவிட்டேன்.

"சரி, எடுத்துடும்மா" என்றார் மாமா இப்போது.

"முடியாது மாமா."

"என்ன முடியாது?"

"அழிக்கிறதுக்கு வழி வைக்கலையே. டேட்டாபேஸ்லதான் போயி எடுக்கணும். அது வகுப்புக் கம்ப்யூட்டர்ல இருக்கு. ஆறு மணிக்குத்தான் திறப்பாங்க."

வகுப்பு நடத்துபவரை அழைத்தேன். வெளியூரில் இருப்பதாகவும் ஆறு மணிக்கு வந்துவிடுவதாகவும் சொன்னார். "டெஸ்ட் டேட்டாவோட போயி நிஜ நம்பரை ஏத்தலாமா?" என்று கேட்டார். உடனே வைத்துவிட்டார்.

மாமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "அப்போ இன்னும் எட்டு மணி நேரம் நான் செத்தவன்தான்."

பதினோரு மணிக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சின்னவன் வாசலில் நின்றுகொண்டான். "இருக்காரு, இருக்காரு. உள்ள போயிப் பாத்துட்டுப் போங்க. செருப்பைக் கழட்டுங்க, தாள் காயுது" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னான். தாள் வியாபாரி மழைக்கோட்டோடு ஓடி வந்தார். மாமா டீ குடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து கதவு நிலையில் சாய்ந்துகொண்டார்.

"யோவ், வழியெல்லாம் அழுதுக்கிட்டே வண்டி ஓட்டிட்டு வந்தேன்யா. அந்த அழுகையையெல்லாம் இப்போ எங்க கொண்டுபோயி வைக்கிறது?"

"வச்சுக்கோ. எப்படியும் ஒருநாள் வேணும்" என்றார் மாமா. சிரித்தார்கள். ஆனால் வியாபாரி மாமாவின் மணிக்கட்டைப் பிடித்த பிடியை வெகுநேரம் விடவில்லை.

நான் அடுப்படிக்குப் போனேன். அத்தை அரிசியைக் களைந்தபடி நின்றிருந்தார். தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்துகொண்டே இருந்தார்.

"அந்த நம்பருக்கும் போயிருக்குமாம்மா?" என்றார் திரும்பாமல்.

அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை.

"போயிருக்கும் அத்தை."

அவர் பாத்திரத்தை வைத்தார். ஈரக் கையோடு என் கைப்பேசியை வாங்கி, எண்ணைப் பார்க்காமலே அழுத்தினார். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. மூன்று முறை அதுவே. பிறகு சமையல் மாடத்திலிருந்து இன்னொரு துண்டுத்தாளை எடுத்தார். மூத்தவர் இப்போது ப்ரூஃப் பார்க்கும் புத்தகக் கம்பெனியின் எண். அங்கே எடுத்தவர் சொன்னார்: "அவங்க அப்பா தவறிட்டாராம். பத்தரைக்கே பஸ்ஸுக்குக் கிளம்பிட்டாருங்க."

"எத்தனை மணி நேரம் ஆகும் அத்தை?"

"ஆறு." அத்தை தரையில் உட்கார்ந்தார். "ஒன்பது வருஷமா வராதவன் வரான். வந்து பாத்தா அப்பா டீ குடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. என்னை வரவைக்கத்தான் இந்த நாடகம் போட்டீங்களான்னு கேப்பான். அவன் கேப்பான்மா, எனக்குத் தெரியும். அப்படியே திரும்பினான்னா இனி என் சாவுக்குக்கூட நம்பி வரமாட்டான்."

முன்னறையில் மாமா சின்னவனின் கைப்பேசியில் இரங்கல் பெட்டியைப் படித்துக்கொண்டிருந்தார். நாற்பத்தோரு பேர் எழுதியிருந்தார்கள். "நல்ல மனிதர்னு எட்டு பேரு. யாருடா அவங்க, என்கிட்ட சொன்னதே இல்லையே" என்று சிரித்தபடி விரலால் தள்ளிக்கொண்டே போனவர், ஓரிடத்தில் நின்றார். விரல் அந்தரத்தில் நின்றது. நான் எட்டிப் பார்த்தேன். பெயர் இல்லாத ஒரு பதிவு. பத்து மணி பன்னிரண்டு நிமிடம்.

"பிழை உள்ளது. மகன்கள் இருவர்."

வேறு எதுவும் இல்லை. மாமா அதையும் மூன்று தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டார்.

"இது எப்படி அவனுக்குப் போச்சு?"

அத்தை அடுப்படி வாசலில் வந்து நின்றார். "நான்தான் நம்பர் குடுத்தேன்" என்றார். "வந்துக்கிட்டிருக்கான்."

மாமா கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டார். எழுந்து போய் மெஷினை ஓடவிட்டார். போடுவதற்குத் தாள் இல்லை. வெறும் ரோலர்கள் சுற்றின. சின்னவன் போய் அதை நிறுத்தினான். "அப்பா, உக்காரு" என்றான். அந்த ஒரு தடவைதான் அவன் குரலில் கேலி இல்லாததைக் கேட்டேன்.

மதியம் சோறு வெந்தது. யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நான் ஆறு மணிக்குப் போட வேண்டிய மறுப்பை நோட்டில் எழுதி எழுதி அடித்தேன். தவறுதலாக வெளியானது, அவர் நலமாக உள்ளார். நலமாக என்ற சொல்லை எழுதும்போது நிமிர்ந்து மாமாவைப் பார்த்தேன். அடித்தேன்.

மூன்று மணிக்கு அத்தை என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார். கூரையிலிருந்து மழை கம்பி கம்பியாக இறங்கிக்கொண்டிருந்தது.

"நீ ஒண்ணு செய்யணும்மா. மகன் ஒண்ணுன்னு வந்தது உன் தப்புன்னு சொல்லிடு. தெரியாம விட்டுட்டேன்னு சொல்லு. உனக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல. அவன் உன்னை என்ன செய்யப்போறான்?"

"சரி அத்தை" என்றேன். பாதி என் தப்புதான் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கியவள் நான். ஓர் எண் போட்டால்தான் அடுத்த கட்டத்துக்குப் போக முடியும். காலியாக விடலாம் என்று வைத்திருந்தால் மாமா காலியாகவே விட்டிருப்பார். காலியாக விட விரும்புபவர்களும் இருப்பார்கள் என்று நான் யாரையும் கேட்டு எழுதவில்லை.

நாலே முக்காலுக்கு மூத்தவர் வந்தார். பையில்லை. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. காதோரம் நரைத்திருந்தது. வாசலில் கூட்டம் இல்லாததைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். சின்னவன் ஏதோ சொல்லக் கையைத் தூக்கினான். அவர் அவனைத் தாண்டி உள்ளே வந்தார்.

மாமா நாற்காலியிலிருந்து எழுந்தார்.

மூத்தவர் ஓரடி பின்னால் போனார். முதுகு தாள் அலமாரியில் இடித்தது. ஓர் ஆள் இப்படி வெளிறுவதை நான் பார்த்ததில்லை. உதடுகூட வெளிறியது. கையை நீட்டித் தொடப்போவதுபோல் நீட்டி, பாதியில் நிறுத்தினார்.

"நாடகமா?" என்றார். மிகவும் மெதுவாக.

"இல்லடா, இல்லடா கண்ணு" என்று அத்தை ஓடிவந்தார். "இந்தப் பொண்ணு கம்ப்யூட்டர்ல ஏதோ பண்ணும்போது தவறிப் போயிடுச்சு."

"எனக்கு எப்படி வந்துச்சு? என் நம்பர் இங்க யாருகிட்ட இருக்கு?"

"நான் குடுத்தேன்டா."

"நீ நம்பர் குடுப்ப, இவரு சாவாரு, நான் ஓடி வரணும்." அவர் என் பக்கம் திரும்பினார். "நீதான் டைப் பண்ணியா?"

"ஆமாங்க. மாதிரிக்குப் போட்டது. தேதி தவறி வெளியாயிடுச்சு." அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த ஒரு மகன்னு போட்டதும் நான்தான். எனக்குத் தெரியாது. தப்பாப் போட்டுட்டேன்."

"எல்லாம் தப்பு." அவர் சிரித்தார். கேட்க நன்றாக இல்லாத சிரிப்பு. "அம்மா சொல்லிக்குடுத்ததை ஒப்பிக்கிற. அப்பா செத்தது தப்பு, நம்பர் தப்பு, மகன் கணக்கு தப்பு. சுத்தமா ஒரு உண்மைகூட இல்ல. ஆறு மணி நேரம் பஸ்ல வந்திருக்கேன்மா."

வாசலைப் பார்த்துத் திரும்பினார். அத்தை அவர் சட்டையைப் பிடித்தார். ஈரத்துணி கையிலிருந்து வழுக்கியது.

"நான்தான் ஒண்ணுன்னு சொன்னேன்" என்றார் மாமா.

மூத்தவர் நின்றார்.

"அந்தப் பொண்ணு எத்தனைன்னு கேட்டுச்சு. நான்தான் ஒண்ணுன்னு சொன்னேன். அது மேல தப்பில்ல." மாமாவின் குரல் உடைந்திருந்தாலும் நிறுத்தவில்லை. "உன்னை வரவைக்கணும்னு நெனச்சிருந்தா ரெண்டுன்னுதானேடா போட்டிருப்பேன்?"

அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். இதைச் சொல்லக் கூடாது என்றுதானே பகல் முழுக்கப் பயந்தோம். ஆனால் மூத்தவர் திரும்பி அப்பாவின் முகத்தைப் பார்த்தார். ப்ரூஃபைப் படிப்பதுபோல் வரி வரியாகப் பார்த்தார்.

"அப்போ நாடகம் இல்ல" என்றார்.

"இல்ல."

"நிஜமாவே ஒண்ணுதான்னு நெனச்சிருக்க."

"சொன்னேன். நெனச்சேனான்னு தெரியல."

சின்னவன் ஒரு ஸ்டூலை நகர்த்தினான். மூத்தவர் அதில் உட்காராமல் தரையில், உலர்ந்துகொண்டிருந்த தாள்களுக்கு நடுவில் உட்கார்ந்தார். சட்டையிலிருந்து சொட்டிய தண்ணீர் தாளில் விழுந்தது. யாரும் தாளை நகர்த்தவில்லை.

"பஸ்ல அழுகையே வரல" என்றார். "நான் என்ன நெனச்சேன் தெரியுமா? இனிமே சண்டை போட ஆளில்லையேன்னு நெனச்சேன். ஒன்பது வருஷமா என்னென்ன கேக்கணும்னு வரிசையா வச்சிருந்தேன். அத்தனையும் வீணாப்போச்சேன்னு."

மாமா அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். முட்டி மடங்க நேரமாயிற்று.

"அதான் இருக்கேன்ல" என்றார். "போடு."

மூத்தவர் போட்டார். அன்றைக்கு அந்தப் படத்தை எடுத்துக் கொடுத்தது யார் என்பதில் தொடங்கினார். என் கையா உன் கையா, அறையும் முன் ஒரு வார்த்தை கேட்டாயா, அந்த வாசலில் எத்தனை பேர் நின்றார்கள் தெரியுமா? குரல் ஏற ஏறக் கூரைத் தகரத்தில் விழுந்த மழையை அது மூடியது. மாமா இடையிடையே, "ஆமா" என்றார். ஓரிடத்தில், "அது பொய்" என்று அவரும் கத்தினார். அத்தை அடுப்படிக்குப் போய் மறுபடி அரிசியை அளந்தார்.

ஐந்தே முக்காலுக்கு நான் நோட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பினேன். வாசலில் குடையோடு எதிர்வீட்டுக்காரர் நின்றிருந்தார். இன்னும் அழியாத அறிவிப்பை அப்போதுதான் பார்த்திருக்கிறார் போலும். கையில் செய்தி திறந்திருந்தது. உள்ளேயிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு முகம் இருண்டிருந்தது.

"ரொம்ப அழுவுறாங்களோ?" என்று சின்னவனிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இல்ல, சண்டை போடுறாங்க" என்றான் சின்னவன்.

"யாரோட?"

"எங்கப்பாவோட."

அவர் ஒரு கணம் நின்று கேட்டார். மாமாவின் குரல் தனியாக எழுந்தது. குடையைச் சாய்த்துப் பிடித்தபடி, "நல்லதுப்பா" என்று சொல்லிவிட்டு மழையில் தெருவைக் கடந்தார்.